இன்சுலின் புட்டியின் மேல் நான்கு எழுத்து

வியாசர்பாடியிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "மரபியல் மெண்டலிடம் தொடங்கியது, அதன் வளர்ச்சிதான் உயிரித் தொழில்நுட்பம் என்று படிக்கிறோம். உயிரித் தொழில்நுட்பம் பல ஆயிரம் ஆண்டுகள் பழமையானது என்றும் அதே பாடத்தில் வருகிறது. தாய்க்கு முன்பே மகள் பிறந்தது எப்படி?"

பழைய வண்ணாரப்பேட்டையில் முப்பது ஆண்டுகள் உயிரியல் கற்பித்த நானும் பாதிக் காலம் தாய், மகள் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அது சரியான உறவுமுறை இல்லை என்பது பின்னர்தான் விளங்கியது. மரபியலும் உயிரித் தொழில்நுட்பமும் சம்பந்திகள். இரண்டும் வெவ்வேறு வீடுகளில் பிறந்து, வெவ்வேறு தொழில் பார்த்து, 1970-களில் திருமண உறவால் ஒரே குடும்பம் ஆனவை. அந்தத் திருமணத்திற்குச் சாட்சி வேண்டுமென்றால் எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவைத் திறந்தால் போதும். என் மனைவிக்காக ஸ்டான்லி மருத்துவமனைப் பக்கத்து மருந்துக் கடையில் மாதந்தோறும் வாங்கும் பத்து மில்லி லிட்டர் இன்சுலின் புட்டியின் மேல், ஒரு மில்லியில் 40 யூனிட் என்ற குறிப்புக்கு அருகே, 'ஆர்டிஎன்ஏ' மூலம் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் நான்கே எழுத்துகள். இந்தப் பதில் முழுவதும் அந்த நான்கு எழுத்துகளுக்கான விளக்கம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வயதில் மூத்த வீட்டிலிருந்து தொடங்குவோம். இரவில் கரைத்து வைக்கும் இட்லி மாவு காலையில் பொங்கி நிற்பதற்குக் காரணம், உளுந்தோடு ஒட்டி வரும் லியூகோனோஸ்டாக் என்ற பாக்டீரியாவும் அதன் கூட்டாளிகளும் மாவிலுள்ள சர்க்கரையை லாக்டிக் அமிலமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுவதே. தயிர், கள், பழைய சோறு எல்லாம் இந்த வகைதான். செய்தவர்களுக்குக் கைப்பக்குவம் தெரியும், காரணம் தெரியாது. காரணத்தைத் தேடிய பிரெஞ்சுக்காரர் லூயி பாஸ்டர், பால் புளிப்பது நுண்ணுயிர்களின் வேலை என்று 1857-இல் காட்டினார். உயிருள்ள செல்கூடத் தேவையில்லை, ஈஸ்ட்டை அரைத்துப் பிழிந்த சாறே சர்க்கரையை நொதிக்க வைக்கும் என்று 1897-இல் எடுவர்ட் புக்னர் நிறுவியபோது நொதிகளின் வேதியியல் பிறந்தது. முதல் உலகப் போரின்போது வெடிமருந்து செய்வதற்கு வேண்டிய அசிட்டோனை, செய்ம் வைஸ்மன் என்பவர் ஒருவகை பாக்டீரியாவை மாவுப்பொருளில் வளர்த்துத் தொழிற்சாலை அளவில் எடுத்துக் கொடுத்தார். 'உயிரித் தொழில்நுட்பம்' என்ற சொல்லை 1919-இல் உருவாக்கிய கார்ல் எரெக்கி ஒரு ஹங்கேரியப் பொறியாளர். அவர் மனத்தில் இருந்ததோ பன்றிகளைப் பெருமளவில் கொழுக்க வைக்கும் பண்ணை. இந்த வரலாற்றில் இதுவரை மரபணு என்ற பேச்சே எழவில்லை என்பதைக் கவனியுங்கள். உங்கள் பாடநூல் பழமையானது என்று சொல்வது இந்த வீட்டைத்தான்.

மற்றொரு வீட்டில் பானையும் அடுப்பும் கிடையாது. கணக்கு நோட்டுதான் இருந்தது. இன்று செக் குடியரசில் பிர்னோ என்று வழங்கும் ஊரின் மடத்தில் துறவியாக இருந்த கிரிகோர் மெண்டல், ஆசிரியர் தகுதித் தேர்வில் இருமுறை தோற்றவர். ஆனால் வியன்னாவில் இயற்பியல் படித்தவர். எதையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்ற பழக்கம் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அவருக்கு முன்பும் செடிகளைக் கலப்புச் செய்தவர்கள் பலர் உண்டு. பிள்ளைகள் எப்படி இருக்கின்றன என்று வருணித்தார்களே தவிர, எத்தனை என்று எண்ணியவர்கள் அரிது. மெண்டல் பட்டாணிப் பூ மலர்வதற்கு முன்பே மொட்டைப் பிரித்து, இடுக்கியால் மகரந்தத் தாள்களைக் களைந்து, வேறொரு செடியின் மகரந்தத்தைச் சூலகமுடியில் தடவி, வண்டு புகாதபடி சிறு பை கட்டிவிடுவார். 1856 முதல் 1863 வரை ஏறத்தாழ 28,000 செடிகளை இப்படிப் பார்த்தார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தபோது முதல் தலைமுறையில் எல்லாம் உருண்டை. அவற்றைத் தாமே விதைகட்ட விட்டபோது 5,474 உருண்டை, 1,850 சுருக்கம். வகுத்துப் பாருங்கள்: 2.96. மறைந்து போனதாக நினைத்த சுருக்கம் நான்கில் ஒரு பங்காகத் திரும்பி வந்தது. பெற்றோரின் பண்புகள் பாலும் தண்ணீருமாகக் கலந்துவிடுவதில்லை, தானியமணிகள் போலத் தனித்தனியாகவே கைமாறுகின்றன என்பது இதன் பொருள். 1865-இல் படித்து 1866-இல் அச்சான அந்தக் கட்டுரையை 1900 வரை எவரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. அவர் 1884-இல் மறைந்தார்.

அந்தச் சுருக்கத்திற்குக் காரணம் என்ன என்று வகுப்பில் எவரும் கேட்பதில்லை, கேட்டிருக்க வேண்டும். விடை 1990-இல் இங்கிலாந்தில் கிடைத்தது. விதையில் மாவுச்சத்தைக் கிளைகிளையாகக் கட்டும் ஒரு நொதியின் மரபணுவுக்குள், மரபணு எழுதப்பட்டிருக்கும் டிஎன்ஏ என்ற வேதிப்பொருளின் சுமார் 800 எழுத்து நீளமுள்ள துண்டு ஒன்று வழியில் வந்து குந்திக்கொண்டிருக்கிறது. ஆகவே அந்த நொதி உருவாவதில்லை. சர்க்கரை மாவாக மாறாமல் தங்குகிறது. சர்க்கரை தண்ணீரை இழுத்து விதையை உப்ப வைக்கிறது. காய்ந்ததும் தோல் மட்டும் பெரிதாக நின்று சுருங்குகிறது. காசிமேட்டுக் கடற்கரையில் சுண்டல் விற்பவரின் தூக்கில் இருப்பது உருண்டைக் காய்ந்த பட்டாணி. பச்சையாகத் தின்னும்போது தித்திக்கும் பட்டாணிக்குச் சுருங்கிய இனமே பேர்போனது. தித்திப்பும் சுருக்கமும் ஒரே பிழையின் இரு முகங்கள். மெண்டல் எண்ணியதன் வேதியியலைப் பிடிக்க அறிவியலுக்கு 124 ஆண்டுகள் ஆயின.

டிஎன்ஏ என்ற அந்த வேதிப்பொருள் மட்டும் மெண்டல் உயிரோடு இருக்கும்போதே சிக்கிவிட்டது. 1869-இல் ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகரக் கோட்டையில், ஒரு காலத்தில் சமையற்கட்டாக இருந்த அறையில், பிரீட்ரிக் மீஷர் என்ற இளைஞர் மருத்துவமனையிலிருந்து வரும் சீழ் படிந்த கட்டுத்துணிகளை உப்புக் கரைசலில் அலசி, வெள்ளை அணுக்களைப் பிரித்து, அவற்றின் உட்கருவிலிருந்து பாஸ்பரஸ் மிகுந்த ஒரு பொருளை எடுத்தார். வண்ணாரப்பேட்டையில் இருந்துகொண்டு சொல்கிறேனே என்று நினைக்க வேண்டாம். டிஎன்ஏ முதலில் கிடைத்தது துணி அலசிய தண்ணீரில்தான். அதற்கும் பட்டாணிக்கும் தொடர்பு உண்டு என்று அன்று எவருக்கும் தோன்றவில்லை.

1900-இல் மூவர் தனித்தனியே மெண்டலை மீட்டெடுத்த பிறகு, மனிதரிடம் அந்த விதியை முதலில் கண்டவர் லண்டன் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் கேரட். சிறுநீர் காற்றுப் பட்டதும் கறுத்துவிடும் அல்காப்டோனூரியா என்ற கோளாறு, நெருங்கிய உறவில் மணந்த பெற்றோரின் பிள்ளைகளிடம் மிகுதியாக இருப்பதை அவர் 1902-இல் எழுதினார். ஒடுங்கு பண்பின் பிரதி தாய் வழியாக ஒன்றும் தந்தை வழியாக ஒன்றும் வந்து சேர்ந்தால்தான் அது வெளிப்படும். மாமன் மகளை மணந்தால், பாட்டன் பாட்டியிடமிருந்து வந்த ஒரே பிரதி இருபக்கமும் வந்து குழந்தையிடம் சேரும் வாய்ப்பு, எந்த ஒரு மரபணுவை எடுத்துக்கொண்டாலும், 16-இல் 1. அக்காள் மகளை மணந்தால் 8-இல் 1. முறைப்பெண், முறைமாமன் வழக்கம் உள்ள நமக்கு இது ஏட்டுக் கணக்கு அன்று. எந்த ஒடுங்கு நோயும் இல்லாத குடும்பத்தில் இதனால் ஒன்றும் ஆகாது என்பதும், நோய் எங்கே ஒளிந்திருக்கிறது என்று முன்கூட்டித் தெரியாது என்பதும் சேர்ந்தே உண்மை.

அடுத்த ஐம்பது ஆண்டுகளை விரைவாகக் கடக்கலாம், பாடநூல் அவற்றை நன்றாகவே சொல்கிறது. பேட்சன் இத்துறைக்கு ஆங்கிலப் பெயர் சூட்டினார். யோஹான்சென் 1909-இல் 'ஜீன்' என்றார். மார்கன் 1910-இல் வெள்ளைக் கண் பழ ஈயைக் கொண்டு மரபணு குரோமோசோமில் இருப்பதைக் காட்டினார். எக்ஸ் கதிர் பட்டால் மரபணு மாறும் என்று 1927-இல் முல்லர் நிறுவினார். 1944-இல் ஏவரியும் தோழர்களும் மரபுப் பொருள் டிஎன்ஏவே என்றனர். 1953-இல் வாட்சனும் கிரிக்கும் இரட்டைச் சுருளை வரைந்தனர். அதற்கு ஆதாரமான எக்ஸ் கதிர்ப் படம் ரோசலின்ட் பிராங்க்ளினின் ஆய்வகத்தில் எடுக்கப்பட்டது, அவரோ 1962-இல் நோபல் பரிசு தரப்பட்டபோது உயிரோடு இல்லை. டிஎன்ஏவின் மூன்றெழுத்துச் சொல் ஒன்று, புரதத்தின் செங்கல்லான ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் என்ற சங்கேதத்தை அவிழ்த்ததில் ஹர் கோபிந்த் கொரானாவுக்குப் பெரும் பங்குண்டு. 1970-இல் ஒரு மரபணு முழுவதையும் அவர் குழு ஆய்வகத்திலேயே வேதிப்பொருள்களிலிருந்து செய்து முடித்தது. இந்தச் செய்தியை மனத்தில் வையுங்கள், இன்சுலினுக்கு வரும்போது தேவைப்படும்.

பாடநூலில் இல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டிஎன்ஏ என்ன என்று தெரியாத அந்தக் காலத்திலேயே கோயம்புத்தூரில் மரபியல் வேலை செய்துகொண்டிருந்தது. 1912-இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் தித்திப்பு மிக்க கரும்பையும் நாணல் போன்ற காட்டுக்கரும்பையும் கலந்து, 1918-இல் கோ 205 என்ற வகையை வெளியிட்டார்கள். சர்க்கரை ஒன்றிலிருந்தும் வலிமை மற்றொன்றிலிருந்தும் வந்தது. திருவொற்றியூரில் பட்டினத்தார் கையில் இருந்த பேய்க்கரும்பு இனித்தது என்பது நம் ஊர்க் கதை. கோவையில் காட்டுக்கரும்பின் வாரிசை இனிக்க வைத்தது மகரந்தம். பின்னாளில் அங்கே கரும்பை மக்காச்சோளம் உள்ளிட்ட பிற புல்லினங்களோடு கலந்து குரோமோசோம்களை ஆராய்ந்தவர் ஜானகி அம்மாள். சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்த அவர், 1984-இல் மறையும் வரை ஆய்வை விடவில்லை.

இரு வீட்டாரும் முதன்முதலில் முகம் பார்த்துக்கொண்டது பென்சிலினில். பிளெமிங் 1928-இல் கண்ட பூஞ்சை மிகக் கொஞ்சமாகவே மருந்தைச் சுரந்தது. போர்க்காலத்தில் அமெரிக்காவின் பியோரியா நகரில், அழுகிய முலாம்பழம் ஒன்றிலிருந்து நன்றாகச் சுரக்கும் பூஞ்சையை எடுத்தார்கள். அதன் மீது எக்ஸ் கதிரையும் புற ஊதாக் கதிரையும் பாய்ச்சி, தப்பிப் பிழைத்தவற்றுள் அதிகம் சுரப்பதைத் தேர்ந்து, பெரிய தொட்டிகளில் வளர்த்தார்கள். கதிர்வீச்சு முல்லரின் வீட்டுச் சீதனம், தொட்டி பாஸ்டரின் வீட்டுச் சொத்து. ஆனாலும் அது குருட்டாம்போக்கு. எந்த மரபணு எப்படி மாறியது என்று பார்க்கும் கண்ணோ, வேண்டியதை மட்டும் வெட்டும் கத்தரிக்கோலோ அவர்களிடம் இல்லை.

கத்தரிக்கோல் கிடைத்த இடம் வியப்பானது. பாக்டீரியாவுக்கும் சளி பிடிப்பது போல வைரஸ் பிடிக்கும். உள்ளே நுழையும் வைரஸின் டிஎன்ஏவைத் துண்டாக்க அது ஒரு நொதியை வைத்திருக்கிறது. பாடநூல் தடைகட்டு நொதி என்று சொல்வது அதைத்தான். அவற்றுள் பெயர்பெற்ற ஈகோ ஆர் ஒன்று, 'ஜி ஏ ஏ டி டி சி' என்ற வரிசை எங்கே வந்தாலும் அங்கே வெட்டும். எதிர் இழையை எதிர்த்திசையில் படித்தாலும் இதே ஆறெழுத்துதான் வரும். 'விகடகவி' என்று நாம் விளையாடுவதும் சம்பந்தர் பாடிய மாலைமாற்றும் நினைவுக்கு வரலாம். நொதி இதன் நடுவில் வெட்டாமல் ஓரத்தில் வெட்டுவதால் வெட்டு கோணலாக விழுந்து, இரு முனையிலும் நான்கெழுத்து வால் நீட்டிக்கொண்டிருக்கும். அதே நொதியால் வெட்டிய எந்த டிஎன்ஏவின் வாலோடும், அது தவளையுடையதாக இருந்தாலும் மனிதருடையதாக இருந்தாலும், இது பொருந்தும். லைகேஸ் என்ற மற்றொரு நொதி மூட்டைத் தைத்துவிடும். 1972-இல் பால் பெர்க் இரு வெவ்வேறு வைரஸ்களின் டிஎன்ஏவை இணைத்தார். 1973-இல் ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் போயரும் அப்படி இணைத்த டிஎன்ஏவை பிளாஸ்மிட் என்ற சிறு வளையத்தில் ஏற்றி பாக்டீரியாவுக்குள் செலுத்தினார்கள். பாக்டீரியா இரண்டாகப் பெருகும்போதெல்லாம் அந்நிய மரபணுவும் பெருகியது. நீங்கள் தேடும் திருமண நாள் இது. புட்டியிலுள்ள நான்கு எழுத்துகளில் முதல் எழுத்து இந்த மறுசேர்க்கையைக் குறிப்பது.

அதுவரை இன்சுலின் எங்கிருந்து வந்தது? பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்து. புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியைப் பார்த்தவர்களுக்கு, அத்தகைய கூடங்களிலிருந்து கணையங்களைச் சேகரித்து, கெடாமல் குளிரில் வைத்து, அரைத்து வடித்து மருந்தெடுப்பது எத்தகைய பாடு என்று சொல்ல வேண்டியதில்லை. மனித இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள். பன்றியுடையது ஒன்றிலும் மாட்டுடையது மூன்றிலும் வேறுபடும். பெரும்பாலோருக்கு ஒத்துக்கொண்டது, சிலருக்கு ஒவ்வாமை தந்தது. 1976-இல் போயர் கூட்டாகத் தொடங்கிய ஜெனென்டெக் நிறுவனத்துக்காக 1978-இல் செய்த வேலையில், மனித உடலிலிருந்து மரபணுவை எடுக்கவே இல்லை. இன்சுலினின் அமினோ அமில வரிசையை சேங்கர் முன்பே கண்டுபிடித்திருந்தார், சங்கேதமும் தெரிந்திருந்தது. ஆகவே 21 அமிலங்களுள்ள சங்கிலிக்கு ஒன்றும் 30 உள்ள சங்கிலிக்கு ஒன்றுமாக இரு மரபணுக்களை வேதிமுறையில் செய்து, ஈ. கோலை பாக்டீரியாவில் தனித்தனியே ஏற்றி, விளைந்த சங்கிலிகளைப் பின்னர் இணைத்தார்கள். கொரானாவை மனத்தில் வைக்கச் சொன்னது இதற்காகவே. 1982-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. தொட்டியில் ஊட்டம் ஊற்றி நுண்ணுயிர் வளர்க்கும் வேலை, இட்லி மாவுப் பானையின் மூன்றாம் தலைமுறைப் பேரன். உள்ளே வளர்வது எழுதி வைத்த சொல். இன்று இன்சுலினை ஈஸ்ட்டிலும் எடுக்கிறார்கள். நம் அரசு மருத்துவமனையில் பிறந்த குழந்தைக்கு முதல் நாளே போடும் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியும் இதே வழியில், ஈஸ்ட்டைக் கொண்டே செய்யப்படுகிறது.

மரபணுவை வெட்டி ஒட்டும் வேலை எளிதானதும், இன்சுலினுக்கு முன்பே, அதைச் செய்தவர்களுக்கே அச்சம் வந்தது. 1975 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் அசிலோமரில் சுமார் 140 பேர் கூடி, எந்தச் சோதனைக்கு எவ்வளவு காப்பு வேண்டும் என்று தமக்குத் தாமே விதி வகுத்துக்கொண்டார்கள். விஞ்ஞானிகள் தாமாகவே கையைக் கட்டிக்கொண்ட அரிய நிகழ்ச்சி அது. பாக்டீரியாவின் மரபணுவை ஏற்றிய பிடி பருத்தி 2002-இல் இந்தியாவுக்கு வந்தபோது நடந்த சச்சரவுகளோடு ஒப்பிட்டால், விதை யாருடையது, விலை யார் நிர்ணயிப்பது என்ற கேள்விகளை அசிலோமர் தொடவே இல்லை என்பதும் தெரியும்.

2020 கோடையில் கொரோனா தொற்று ராயபுரம் மண்டலத்தில் குவிந்தபோது, மூக்கில் குச்சி விட்டு எடுத்த மாதிரி எங்கே போகிறது என்று எங்கள் தெருவே கேட்டது. ஆர்டி-பிசிஆர் என்ற அந்தச் சோதனையில் வைரஸின் ஆர்என்ஏவை முதலில் டிஎன்ஏவாகப் பெயர்க்கும் நொதி 1970-இல் கண்டுபிடிக்கப்பட்டது. பின்னர் அந்த டிஎன்ஏவை இரண்டு, நான்கு, எட்டு என்று பெருக்குகிறார்கள். முப்பது சுற்றில் ஒன்று நூறு கோடியைத் தாண்டும். 1983-இல் இந்த வழியைச் சிந்தித்துக் கண்டவர் கேரி மல்லிஸ். ஒவ்வொரு சுற்றிலும் கொதிநிலைக்கு அருகே சூடேற்ற வேண்டும், அதைத் தாங்கும் நொதி யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் வாழும் பாக்டீரியாவிடம் கிடைத்தது.

இங்கும் கருவி பாக்டீரியாவிடமிருந்தே வந்ததைப் பாருங்கள். டிஎன்ஏவைக் குறித்த இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் என்ற கருவியின் கதையும் அப்படியே. 1987-இல் ஜப்பானில் ஈ. கோலையின் டிஎன்ஏவில் ஒரே வரிசை இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப வருவதை இஷினோ கண்டார், பொருள் விளங்கவில்லை. 2007-இல் அதன் பொருளை ஆய்வில் மெய்ப்பித்தவர்கள் தயிர்க்காரர்கள். தயிருக்கு உறை ஊற்றும் பாக்டீரியாவை விற்றுவந்த டானிஸ்கோ நிறுவனத்தின் ஆய்வாளர்கள், தங்கள் சரக்கை வைரஸ் அழிப்பதைத் தடுக்க வழி தேடினார்கள். தாக்கிய வைரஸின் துண்டு ஒன்றைப் பாக்டீரியா அந்த இடைவெளியில் குறித்து வைத்துக்கொண்டு, மறுமுறை வந்தால் அடையாளம் கண்டு வெட்டுகிறது என்று தெரிந்தது. அந்தக் குறிப்பை நாம் எழுதிக் கொடுத்தால் நாம் சொல்லும் இடத்தில் வெட்டும் என்று 2012-இல் ஷார்பென்டியேயும் டவுட்னாவும் காட்டி, 2020-இல் நோபல் பரிசு பெற்றார்கள். மூத்த வீட்டின் தயிர்ச்சட்டியிலிருந்து இளைய வீட்டுக்கு வந்த சீர் இது.

அந்தக் கத்தரிக்கோலால் குணப்படுத்தும் முதல் மருத்துவத்திற்கு 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதி அளித்தது. நோய், அரிவாள் செல் சோகை. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறியதால் சிவப்பணு அரிவாள் போல வளைந்து நாளங்களை அடைக்கிறது. இரண்டு பிரதியும் மாறியவருக்கே நோய் முழுமையாக வரும், மெண்டலின் அதே நான்கில் ஒன்று. நோயாளியின் இரத்தத்தை உருவாக்கும் மூலச் செல்களை வெளியே எடுத்து, கருவில் இருந்தபோது சுரந்த ஹீமோகுளோபினை அடக்கி வைத்திருக்கும் பூட்டை வெட்டி, மீண்டும் உள்ளே செலுத்துகிறார்கள். இந்தியாவில் இந்த மாற்றம் முதலில் கண்டறியப்பட்டது 1952-இல், நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம். அமெரிக்காவில் அந்த மருத்துவத்துக்கு நிறுவனம் குறித்த விலை ஒருவருக்கு 22 லட்சம் டாலர்.